சிவப்பாகத் தெரிந்த மூலை

மண்ணைச் சலிப்பதுதான் என் வேலை என்று சொன்னால் பெங்களூரில் நாங்கள் இருக்கும் நீலசந்திராவில் யாரும் நம்புவதில்லை. மாவு மில்லிலா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். விளக்கிச் சொல்ல எனக்கு வராது. நாலு பேர் ஒரே சமயத்தில் என் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஆபீஸ் என்பது ஒரு மாடி வீடு. மேலே படித்த பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கீழே, கார் நிறுத்தும் இடத்தில் நான். ஆனேக்கல் பக்கமிருந்தும் இன்னும் தூரத்திலிருந்தும் வயல் மண் துணிப்பைகளில் வரும். ஒவ்வொரு பையிலும் ஒரு நம்பர் இருக்கும். யாருடைய நிலம் என்று இருக்காது. பழைய செய்தித்தாளை விரித்து நிழலில் காயப்போட வேண்டும். காய்ந்தபின் வேர், கல், உடைந்த வளையல் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டு, கட்டிகளை மரச்சுத்தியால் தட்டி உடைத்து, சலித்து, அதே நம்பர் ஒட்டிய டப்பாவில் நிரப்ப வேண்டும். இந்த வேலைக்கு முன்னால் நான் வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டு வேலையில் வீட்டுக்காரம்மாவோடு பேச வேண்டியிருக்கும். மண்ணோடு பேச வேண்டியதில்லை. அதனால் இந்த வேலை பிடித்திருந்தது.

பிடித்திருந்ததே தவிர நம்பிக்கை வரவில்லை. யாருடைய வயலிலிருந்தோ மண்ணை எடுத்துவந்து, அதைக் காயவைத்துச் சலிக்க ஒருத்திக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்றே நினைத்தேன். அளக்க வருகிறவர்களை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். ஒக்கலிபுரத்தில் நான் பிறந்த வீட்டுச் சுவரில் ஒருநாள் யாரோ வந்து சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு போட்டார்கள். சும்மா ஒரு அளவுக்குத்தான் என்றார்கள். வெயிலில் வந்தவர்களாயிற்றே என்று அம்மா அவர்களுக்கு மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் ரோடு அகலமானது. எங்கள் முன்னறை ரோட்டுக்குள் போனது. பிறகு மிச்ச வீட்டில் யார் இருப்பது? நீலசந்திராவுக்கு வந்தோம். அதிலிருந்து யாராவது கையில் டேப்பும் காகிதமுமாக நின்றால் நான் வேறு தெரு வழியாகப் போய்விடுவேன்.

மேல்மாடியிலிருந்து டப்பாக்களை எடுக்க ஒரு பெண் வருவாள். சேலம் பக்கத்துப் பெண், என் மகள் வயதிருக்கும். நான் அவளை மேடம் என்பேன். அவள் என்னை ஆன்ட்டி என்பாள். அவள்தான் ஒருநாள், நான் கேட்காமலே, டப்பாக்களை அடுக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். வானத்தில் சுற்றும் சேட்டிலைட் எல்லா வயல்களையும் சில நாளுக்கு ஒருமுறை படம் எடுத்துக்கொண்டே இருக்கிறது. இலையும் வேரும் சாணமும் மக்கி மண்ணோடு சேர்ந்தால் அதில் கார்பன் தங்குகிறது. அப்படிப்பட்ட மண் கொஞ்சம் கருத்து, பொலபொலவென்று இருக்கும். மேல்மண் போய்விட்டால் கார்பனும் போய்விடும், நிலம் வெளுத்துவிடும். அந்த வெளுப்பு வானத்திலிருந்து தெரியும். படத்தில் தெரிவது நிஜம்தானா என்று சரிபார்க்கத்தான் நான் சலிக்கும் மண். நிலத்தைக் கெடாமல் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கு ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி பணம் கொடுக்கப் போகிறதாம். யார் வயல் எப்படி இருக்கிறது என்று எங்கள் ஆபீஸ் பார்த்துச் சொல்கிறதாம்.

நன்றாகத்தான் சொன்னாள். ஆனாலும் நல்லதாகவே சொல்லப்படும் விஷயத்தில்தான் எனக்கு அதிகச் சந்தேகம் வரும்.

அன்று இரவு சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். எதையும் சந்தேகப்படாமல் ஆட்டோவில் ஏற்றமாட்டார்.

“மேலருந்து ஒருத்தன் சும்மா உன் வயலையே பாத்துனு இருப்பானா? பாக்குறான்னா ஏதோ வேணும்னு அர்த்தம்.”

“நமக்குத்தான் வயலே இல்லியே.”

“அதான் நிம்மதியா துன்னுறோம்.”

வயல் எங்களுக்கு இல்லை. என் தங்கைக்கும் சொந்தமாக இல்லை. ஆனால் அவள் வாழ்க்கை ஒரு வயலில்தான் இருந்தது. சந்தாபுராவைத் தாண்டி ஒரு கிராமத்தில் அவளைக் கொடுத்திருந்தோம். அவளும் அவள் வீட்டுக்காரரும் அங்கே வேறொருவருடைய மூன்று ஏக்கரைப் பாதிப் பங்குக்குப் பயிர் செய்தார்கள். ராகி, நடுவில் அவரை, கிணற்றுத் தண்ணீர் இருக்கும்போது கொத்தமல்லி. விளைவதில் பாதி நிலத்துக்காரருக்கு. அவர் ஜெயநகரில் இருந்தார். எல்லாரும் அவரை ஓனர் என்றே சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் பக்கமெல்லாம் நிலங்கள் வீட்டுமனை லேஅவுட்டுகளாகவும் ஷெட்டுகளாகவும் மாறிவிட்டன. பங்குக்கு நிலம் கொடுக்கிறவர்கள் இப்போது கிடையாது. இந்த மூன்று ஏக்கர் போனால் தங்கை வீட்டுக்காரர் ஏதாவது கேட்டில் விசில் ஊதும் செக்யூரிட்டி, தங்கை ஏதாவது அபார்ட்மென்டில் மாப்பு போடுகிறவள். அது அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் இருவர் பேச்சிலும் அது சொல்லாமலே இருக்கும்.

ராகி கதிர் விடும் சமயத்தில் ஒருநாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் நீலசந்திராவுக்கு வந்து நின்றாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். ஓனர் அந்தக் கம்பெனித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். அவருடைய போனுக்கு ஒரு படம் வந்திருக்கிறது. நிலம் முழுக்கப் பச்சை. ரோட்டோர மூலை மட்டும் சிவப்பு. அந்த மூலையில் மண் கெட்டுப் போயிருக்கிறது, கார்பன் போய்விட்டது என்று எழுதியிருக்கிறதாம். யூரியாவைக் கொட்டி என் நிலத்தைக் கெடுத்துவிட்டீர்கள், ராகி அறுத்ததும் வயலை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

“உங்க ஆபீஸ்லதான் படம் புடிச்சுக் குடுத்துருக்காங்க. எங்கள்துன்னு நீ சொல்லலியா?”

“எனக்கு நம்பர்தான் வரும். பேரு வராது.”

“தெரியாமயே சிவப்பு போட்டுட்டாங்களா?”

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்கு அன்றைக்குத்தான் புதிது. நான் எல்லாரையும் சந்தேகப்படுகிறவள். என்னை யாரும் சந்தேகப்பட்டதில்லை. என் தங்கை, நான் இடுப்பில் தூக்கிச் சுமந்தவள், என் கையை ஒரு தடவை பார்த்தாள். நகக்கண்ணில் அன்றைக்குச் சலித்த மண் இருந்தது. யார் வயல் மண்ணோ. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

டீ குடித்தபின் கொஞ்சம் இறங்கி வந்தாள். இருவரும் சேர்ந்து ஓனரைச் சந்தேகப்பட ஆரம்பித்தோம். அது எங்கள் இருவருக்கும் சௌகரியமாக இருந்தது. பக்கத்து நிலத்தில் லேஅவுட் போட்டபோது டிப்பர்கள் வந்துபோனது அவளுக்கு ஞாபகம் இருந்தது. அப்போது ஓனரே ராத்திரியில் ஆள் விட்டு மூலை மண்ணை எடுத்திருப்பார். இப்போது பழியை இவர்கள் மேல் போட்டு வெளியேற்றிவிட்டு நிலத்தை லேஅவுட்காரனுக்குக் கொடுக்கப் போகிறார். நான் சொன்னதும் அவள் தலையாட்டினாள். அவள் சொன்னதும் நான் தலையாட்டினேன். ஆனால் அவள் வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு மட்டும், “அது ஒண்ணும் பேசுறதில்ல, பேஜாரா குந்தினு இருக்கு” என்று முடித்துவிட்டாள்.

போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். “அந்தப் படத்த உங்க மேடம்ட்ட கேட்டுப் பாருக்கா. எப்போ போச்சுன்னு தெரிஞ்சா, யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சுரும்.”

கேட்பது என்பது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டாள்.

அந்த வாரம் முழுக்க மேடம் டப்பா எடுக்க வரும்போதெல்லாம் வார்த்தையை வாயில் தயாராக வைத்திருப்பேன். அவள் வந்ததும் அது உள்ளே போய்விடும். கேட்டால் என்ன நினைப்பாள், இவள் எதற்கு நம்பர்களுக்குப் பின்னால் போகிறாள் என்று மேலே போய்ச் சொல்லுவாளோ, வேலை போய்விடுமோ என்றெல்லாம் ஓடும். கடைசியில் ஒரு மத்தியானம் அவளே, “ஆன்ட்டி, ஏதாச்சும் சொல்லணுமா? மூணு நாளா டப்பாவ என் கைல குடுத்துட்டு விடவே மாட்டேங்கிறீங்க” என்று சிரித்தாள்.

சொல்லிவிட்டேன். தங்கை பயிர் செய்கிற வயல், சிவப்பு மூலை, எப்போது அப்படி ஆனது என்று பார்க்க வேண்டும். அவள் யோசிக்கவே இல்லை. பழைய படங்கள் ரகசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று என்னை மேலே கூட்டிக்கொண்டு போனாள். அவ்வளவு சுலபமாகக் கூட்டிக்கொண்டு போனதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. அந்த நாற்காலிகளை நான் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்து, புழுதிக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் திரையில், மேலேயிருந்து பார்த்தால் ஊர் ஊராக இல்லை. சின்னச் சின்னச் சதுரங்களாக, தையல்கடையில் தரையில் கிடக்கும் துணித் துண்டுகள் மாதிரி இருந்தது. ரோட்டு வளைவை வைத்தும் ஏரியை வைத்தும் கண்டுபிடித்தேன். ஏரிக்கு இந்தப் பக்கம், வளைவுக்குக் கீழே, அதுதான் என்று விரலால் காட்டினேன். திரையில் விரல் பட்டதும் எடுத்துக்கொண்டேன்.

கோடையில் வயல் காலியாக இருக்கும்போதுதான் மண்ணின் நிறம் தெரியும் என்றாள். ஒவ்வொரு கோடையாகத் தள்ளிக்கொண்டு வந்தாள். முதலில் வந்த கோடைகளில் வயல் முழுக்க ஒரே நிறம், காய்ந்த இரத்தம் மாதிரி. பிறகு ஒரு கோடையில் ரோட்டோரம் ஒரு துண்டு மட்டும் வெளிறியிருந்தது. அடுத்த கோடையிலும் அப்படியே. அதற்கடுத்ததில் இன்னும் வெளிறியது. மழைக்காலத்துப் படங்களையும் காட்டினாள். வயல் முழுக்க ராகி பச்சையாக நிற்கும்போது அந்தத் துண்டு மட்டும் சொறி பிடித்த மாதிரி இருந்தது.

“யூரியாவாலயா?” என்று கேட்டேன்.

“இல்ல ஆன்ட்டி. உரத்தால கெட்டா மெதுவா, வயல் முழுக்கக் கெடும். மழை அரிச்சிருந்தாலும் இப்படி ஓரம் நேரா இருக்காது. இது வெட்டி எடுத்தது. மேல் மண்ண மொத்தமா வழிச்சு எடுத்திருக்காங்க.”

எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது, அதை மறைக்க முடியவில்லை. மாட்டிக்கொண்டார் ஓனர் என்று நினைத்தேன். எந்தக் கோடை அது என்று கேட்டேன்.

“ரெண்டாவது லாக்டவுன் போட்டாங்கல்ல, அந்தக் கோடை.”

படியில் இறங்கும்போது நாலாவது படியிலோ ஐந்தாவது படியிலோ நின்றுவிட்டேன். பக்கத்து லேஅவுட் வந்தது அதற்கு முந்தைய வருடம். லாக்டவுன் கோடையில் டிப்பர் எதுவும் ஓடவில்லை. அந்தக் கோடையில் எனக்கு ஞாபகம் இருந்தது வேறொன்று. தங்கை வீட்டுக்காரர் ஒருநாள் டிராக்டரில் நீலசந்திரா தெருமுனை வரைக்கும் வந்து, போலீஸ் உள்ளே விடாததால், என் வீட்டுக்காரரை ஆட்டோவோடு வரச்சொல்லி நாலைந்து மூட்டை செம்மண் ஏற்றிவிட்டார். வீட்டிலேயே அடைந்து கிடக்கிறீர்களே, மாடியில் செடி வையுங்கள் என்றார். பெயின்ட் டப்பாக்களில் நிரப்பினோம். தக்காளி வைத்தோம், கனகாம்பரம் வைத்தோம், ஒரு கறிவேப்பிலை வைத்தோம். என்ன வைத்தாலும் வந்தது. என் வீட்டுக்காரர் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய்க் கனகாம்பரத் தொட்டிக்குள் கையைவிட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு, பொலபொலவென்று. தினமும் பார்க்கிற கை. இது மேல்மண் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அப்போ நம்ம ஊட்லயே மண்ணு வெச்சினு ஓனரத் திட்டினு இருக்கமா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “உன் தங்கச்சிக்குத் தெரியுமா?” என்று கேட்டார். அதைத்தான் நானும் மாடியிலிருந்து இறங்கும்போது என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் என்னை எதற்குப் படம் பார்க்க அனுப்பினாள்? தெரியாவிட்டால், தன் வீட்டுக்காரர் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஏன் என்று என்னைக் கொண்டு கண்டுபிடிக்கப் பார்த்தாளா?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவிலேயே போனோம். அன்று ஓனரும் ராகி எப்படி நிற்கிறது என்று பார்க்க வருவதாக இருந்தது. தங்கை அவரைச் செடி வரிசையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கிணற்று மேட்டில் இருந்தார். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நேராக ரோட்டோர மூலைக்குப் போய் நின்றேன். மற்ற இடத்தில் ராகி இடுப்பு உயரம். அங்கே முழங்காலுக்குக் கூட வரவில்லை. கதிர் குழந்தையின் மூடிய கை மாதிரி சின்னதாக இருந்தது. தரையில் பருக்கைக் கல்.

நான் நிற்பதைப் பார்த்ததும் தங்கை வீட்டுக்காரர் தானாக இறங்கி வந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் கேட்காததனாலோ என்னவோ, எல்லாவற்றையும் சொன்னார்.

அந்தக் கோடையில் கொத்தமல்லி அறுத்து மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. வயலிலேயே உழுதுவிட்டார்கள். அதே சமயத்தில் அபார்ட்மென்ட்காரர்கள் எல்லாம் மாடித்தோட்டம் போட ஆரம்பித்தார்கள். ஓசூர் ரோட்டில் ஒரு நர்சரிக்காரர் செம்மண் கேட்டு ஆள் அனுப்பினார். இவர் மூலையை வெட்டிக் கொடுத்தார். இதில் தவறு இருக்கிறதாக அவருக்கு அப்போது தோன்றவே இல்லை. அந்த ஊரில் வீடு கட்டவோ களத்துக்கோ மண் வேண்டுமென்றால் வயல் மூலையில்தான் எடுப்பார்கள். சித்திரையில் ஏரி வற்றியதும் அடியிலிருக்கும் வண்டலை வெட்டி வந்து குழியில் போட்டு மூடுவார்கள். இரண்டு வருடத்தில் மற்ற இடத்தைவிட அந்த மூலையில்தான் பயிர் நன்றாக வரும். அவருடைய அப்பா அப்படித்தான் செய்தார். ஊரே அப்படித்தான் செய்தது. அடுத்த சித்திரையில் வண்டல் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அடுத்த சித்திரையில் ஏரி வற்றவில்லை. அதற்கடுத்ததிலும் வற்றவில்லை. புதிதாக வந்த கட்டடங்களின் சாக்கடையெல்லாம் ஏரிக்குள் வந்துகொண்டிருந்தது. வெயில் எப்படிக் கொளுத்தினாலும் தண்ணீர் கறுப்பாக நிறைந்தே நின்றது. படத்தில் எல்லாக் கோடையிலும் ஏரியைப் பார்த்தேனே. நிறைந்திருக்கிறது, நல்ல ஊர் என்றுகூட நினைத்தேன்.

“ஒவ்வொரு கோடைக்கும் போய்க் கரைமேல நிப்பேன்க்கா. எப்போடா வத்தும்னு. ஏரி வத்தணும்னு வேண்டிக்கினவன் இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்.”

“ஓனருக்குத் தெரியாதா?”

“தெரியாம எப்டி? பாதி அவருக்குப் போச்சே.”

“இன்னா பாதி?”

“மண்ணுல பாதி. ராகில பாதி, அவரைல பாதி. மண்ணுக்கு மட்டும் வேற கணக்கா? நான்தான் டிராக்டர்ல ஜெயநகருக்கு எடுத்துனு போயி, மாடி வரைக்கும் தூக்கிக் கொட்டிட்டு வந்தேன். அவங்க வீட்டம்மா ரோஜா வெக்கணும்னாங்க.”

அதை அவரிடமே சொல்ல வேண்டியதுதானே என்றேன். தலையை ஆட்டினார். சொன்னால், வெட்டியது உன் யோசனை, நான் கேட்டேனா என்பார், அது உண்மையும்கூட. அவர் மறந்துவிட்டாரா, மறந்த மாதிரி இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை என்றார்.

தங்கை களை எடுப்பதை நிறுத்தவில்லை. காது மட்டும் எங்கள் பக்கம் இருந்தது. அவள் முதுகைப் பார்த்து நானும் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஓனர் காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு வந்தார். கன்னடத்தில்தான் பேசுவார்; நாங்கள் எல்லாரும் அதில்தான் பதில் சொல்வோம். இங்கே தமிழில் எழுதுகிறேன். என் வீட்டுக்காரரைப் பார்த்து, ஆம்பளையாக ஒருவர் வந்திருக்கிறாரே என்று அவரிடம் நியாயம் சொல்ல ஆரம்பித்தார். தனக்கு யார் மேலும் கோபமில்லை. ஆனால் நிலம் கெட்டிருப்பது உண்மை. தான் சொல்லவில்லை, வானத்திலிருந்து சொல்கிறார்கள். போனைத் திறந்து நீட்டினார். பச்சைக்கு நடுவே அந்தச் சிவப்பு. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார்.

“படம் பொய் சொல்லாது,” என்றார் ஓனர்.

அது சரிதான். படம் பொய் சொல்லவில்லை. மண் போனதைச் சொன்னது. எந்த மாடிக்குப் போனது என்று மட்டும் சொல்லவில்லை. கையில் போனை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பைப் பார்த்தேன். ஒக்கலிபுரத்துச் சுவர்க் கோடு மாதிரியே இருந்தது. அன்றைக்கு மோர் டம்ளரைக் கழுவி வைத்தவள் நான்தான்.

தங்கை வீட்டுக்காரர் துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார். தங்கை எழுந்து நின்றிருந்தாள். கையில் பிடுங்கிய களை. பேசக்கூடிய ஆள் நான் இல்லை. போனைத் திருப்பிக் கொடுத்தபோது எப்படியோ வாயில் வந்துவிட்டது.

“சார், உங்க மாடியில ரோஜாச் செடி நல்லா வருதா?”

மரியாதையாகத்தான் கேட்டேன். சத்தம்கூடச் சரியாக வரவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். யார் இவர் என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார்.

“என் வீட்டம்மா சார். அந்தப் படம் அனுப்புற ஆபீஸ்லதான் வேலை.”

ஓனர் முகம் மாறியது. போனைப் பார்த்தார். அதில் அந்தச் சிவப்பு மூலையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, வெறும் வானத்தை ஒரு தடவை பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்து, கொஞ்சம் தணிந்த குரலில் கேட்டார்.

“அதுகூட இதுல தெரியுமா?”

தெரியும் என்று நான் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது என் வழக்கம் என்று தெரியும். அவருக்கு என்னைத் தெரியாது.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு ராகிக் கதிரைப் பற்றி, இந்த வருட மழையைப் பற்றி, ஊரில் யாரோ இறந்ததைப் பற்றிப் பேசினார். காரில் ஏறுமுன் தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அடுத்த வருடமும் நீயே பார், அந்த மூலையைச் சரிசெய், இனிமேல் ஒரு கூடை மண்கூட வெளியே போகக் கூடாது என்றார். தன் மாடியும் அந்த ‘வெளியே’யில் சேருமா என்று சொல்லவில்லை.

கார் போனபின் தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். “நல்லா கேட்ட” என்றாள். கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஒரு பதில் சொல்லுவாள். அந்தப் பதிலை நான் நம்ப வேண்டியிருக்கும்.

மூலையைச் சரிசெய்ய என்ன வழி என்று மேடத்திடம் கேட்டேன். இந்த முறை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. வெறும் தரையாக விடக்கூடாது, சாணம் போட்டுக் கொள்ளு விதைத்து, பூக்கும்போது உழுதுவிட வேண்டும், ஒரு வருடத்தில் ஆகாது, பல வருடம் ஆகும் என்றாள். சொன்னேன். ராகி அறுத்ததும் அந்த மூலையில் கொள்ளு விதைத்தார்கள். எங்கள் மாடியிலிருந்த தொட்டி மண்ணையும் மூட்டையாகக் கட்டி ஆட்டோவில் கொண்டுபோய்க் கொட்டினோம். அந்த மூலையில் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. தங்கை இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, “இத சேட்டிலைட்ல பாக்கச் சொல்லுக்கா, ஒரு ஆட்டோ மண்ணு வந்துருச்சுன்னு” என்றாள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

கறிவேப்பிலைத் தொட்டியை மட்டும் எடுக்கவில்லை. வேர் டப்பாவைப் பிளந்துகொண்டு நிற்கிறது. பிடுங்கினால் செத்துவிடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நானும் ரொம்ப வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் மேடத்திடம் சும்மா கேட்பது மாதிரி கேட்டேன், மாடியில் வைத்திருக்கும் செடியெல்லாம் சேட்டிலைட்டில் தெரியுமா என்று. நாங்கள் பார்க்கிற படத்தில் தெரியாது ஆன்ட்டி, இவ்வளவு சின்னது தெரியாது என்றாள். அப்பாடா என்று இருந்தது. போகும்போது திரும்பிப் பார்த்து, “வேற சேட்டிலைட் இருக்கு, அதுல தெரியும்” என்றாள்.

தங்கைக்கு இந்த வருடம் நிலம் இருக்கிறது. அடுத்த வருடம் இருக்குமா என்று தெரியாது. ஓனர் உண்மையிலேயே மனசு மாறினாரா, லேஅவுட்காரன் சொன்ன விலை போதாமல் நிறுத்தி வைத்திருக்கிறாரா என்று நாங்கள் போனில் அடிக்கடி பேசிக்கொள்கிறோம். மார்கழியில் ராகி அடித்து முடித்ததும் தங்கை வீட்டுக்காரர் ஓனருடைய பாதியை ஜெயநகரில் இறக்கிவிட்டு வந்தார். மூட்டையை மாடி அறைக்குத் தூக்கிப் போகும்போது பார்த்தாராம். ரோஜாத் தொட்டிகளுக்கு மேலே, மாடி முழுக்க மூடி, பச்சை வலை கட்டியிருந்ததாம். எதற்கு சார் என்று கேட்டதற்கு, வெயில் ரொம்ப அடிக்கிறது என்று சொன்னாராம்.

அன்றைக்குப் பெங்களூரில் மத்தியானம்கூட ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நான் மண் சலித்தேன்.